கொடிக்குக் கஞ்சி போட்டவள்

ஆகஸ்ட் பதினைந்து வந்தால் எனக்குக் குமட்டும். இதைச் சொன்னால் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்கள் சுதந்திர தினத்தைப் பள்ளிக்கூடத்தில் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டு பார்த்தவர்கள். நான் அதை ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் களத்தில், தூறலில், கால் விறைக்க நின்று பார்த்தவள்.

எங்கள் எஸ்டேட் வெள்ளக்கடைப் பக்கம் இருந்தது. காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்டுக் களம்தான் கொடியேற்றும் இடம். நடுவில் ஒரு சில்வர் ஓக் மரத்தைச் சீவி நட்ட கம்பம். அந்தக் கம்பம் நிற்கிற இடத்தில் வெள்ளைக்காரத் துரை காலத்திலும் ஒரு கம்பம் இருந்ததாம். அவர்கள் ராஜாவின் பிறந்தநாளுக்கு இதே களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் கொடியை ஏற்றி, ஆளுக்கொரு பன் ரொட்டி கொடுப்பார்களாம். பிறகு நாடு விடுதலை அடைந்தது, எஸ்டேட்டை நம்மூர்ப் பணக்காரர் வாங்கினார். கொடி மாறியது, ரொட்டிக்குப் பதிலாக டால்டா நாறுகிற லட்டு வந்தது. நிற்கவைக்கிற பழக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. புதிதாக வாங்கியவரையும் துரை என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதை நன்றாக ரசித்தார்.

அன்றைக்கு விடுமுறை என்று பெயர். நல்ல விடுமுறை! ஆகஸ்ட்டில் களம் பாசி பிடித்துக் கிடக்கும். அதை உட்கார்ந்து தேய்த்து, பங்களா பாதையில் இரண்டு பக்கமும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, மைதாப் பசை காய்ச்சிக் கலர் காகிதம் ஒட்டி, கூலியாட்களுக்கான வரிசை வீடுகளான லயன்களில் இருக்கிற பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துபோகும். பதினைந்தாம் தேதி பிராந்திக் கடை மூடிவிடுவார்கள் என்பதால் துரையின் சிநேகிதர்கள் முந்தின நாளே சேலத்திலிருந்து பாட்டில்களோடு காரில் ஏறி வந்துவிடுவார்கள். வருகிற வழியில் கொண்டை ஊசி வளைவில் வாந்தி, வந்தபின் பங்களாத் தோட்டத்தில் வாந்தி. விடிந்ததும் அந்தக் கண்றாவியைக் கழுவிவிட எங்கள் லயனிலிருந்துதான் ஆள் போகும். தியாகிகள் ரத்தம் சிந்தி வாங்கிய சுதந்திரம் என்று துரை களத்தில் பேசும்போது, அவர் சிநேகிதர்கள் சாப்பிட்டுக் கக்கிய கோழி என் அம்மாவின் நகக்கண்ணில் இருக்கும்.

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் முந்தின நாள் சாயந்திரம் லயன் லயனாக வந்து, காலை ஏழரைக்குக் கொடி, எல்லோரும் குளித்துச் சுத்தமாக வரணும் என்று சொல்லிவிட்டுப் போவார். ஏழரைக்கு நாங்கள் நிற்போம். துரையும் விருந்தாளிகளும் கண் சிவக்க இறங்கி வரும்போது பத்தாகிவிடும். அதுவரை குடை பிடிக்கக் கூடாது. பிடித்தால் கொடிக்கு மரியாதை இல்லையாம். என்ன ஒரு மரியாதை!

இதில் இன்னொரு கூத்து. சம்பளத்தோடு லீவு என்பதெல்லாம் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான். என் அம்மாவைப் போன்ற டெம்பரவரி ஆட்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. ஆனால் களத்துக்கு வராமல் இருந்தால் மறுநாள் வேலையும் கிடையாது. நாட்டுக்கே விடுதலை கிடைத்த நாளில் கூலியில்லாமல் ஆளைக் கட்டாயமாக நிற்கவைப்பதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் அப்பா பெர்மனென்ட் ஆள். நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து செத்துப்போனார். நாங்கள் குடியிருந்த லயன் வீடு அவருடைய வேலைக்காகக் கொடுத்தது. அவருக்குப் பிறகு அம்மா டெம்பரவரியாகச் சேர்ந்தாள். அவள் பெர்மனென்ட் ஆகும்வரை அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று துரை பெரிய மனசு பண்ணினார். அம்மா பெர்மனென்ட் ஆனால் வீடு எங்களுக்கு நிலைக்கும். ஆகாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் எங்கள் சட்டிபானையைத் தூக்கி வெளியே வைக்கலாம். ஒரே அறை, ஒழுகுகிற ஓடு, ஒரு அடுப்பு. இருந்தாலும் அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பெர்மனென்ட் ஆக்குவதற்கு எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்த காலத்தைப் பார்த்து முறைப்படி கொடுக்க வேண்டியதை, துரை சுதந்திர தினப் பரிசாக மாற்றி வைத்திருந்தார். கொடியேற்றி, ஜனகணமன பாடி, ஒழுக்கத்தைப் பற்றி அவர் பிரசங்கம் செய்து முடித்ததும் இரண்டு மூன்று பேருடைய பெயரைச் சொல்வார். பெயர் வந்தவர்கள் ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும். விருந்தாளிகள் கை தட்டுவார்கள். துரை “எந்திரி, எந்திரி” என்று கூச்சப்படுகிற மாதிரி சொல்வார், முழுசாக விழுந்து முடித்த பிறகு. இதையெல்லாம் கேட்க யூனியன் என்று ஒன்று இல்லாமல் இல்லை. யூனியன்காரர் மலைக்கு வருவார், பங்களாவில் டீ குடிப்பார், நாலு ஆரஞ்சுப்பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

நான் டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்த வருஷம் அது. எண்பதுகளின் தொடக்கம். சுதந்திர தினத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரைட்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, இந்த வருசம் உம்பேரு இருக்குது. தொரையே சொன்னாரு. கொடியத் தொவச்சு வெக்கற வேலையும் உன்கிட்டத்தான் குடுக்கச் சொன்னாரு. நல்லபடியாப் பண்ணிக் குடுத்துரு” என்றார்.

“ஏனுங்க, நெசமாத்தானுங்களா?” என்று அம்மா கேட்டாள். ரைட்டர் தலையாட்டிவிட்டுப் போனபின்பும் அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, சுவரில் காரை பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து, “பொங்கலுக்குள்ள இதெ பூசிரலாம் கண்ணு” என்றாள்.

கொடி வருஷம் முழுவதும் காப்பி ஸ்டோரில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் எலிப் புழுக்கையும் புளித்த காப்பிப்பழ நாற்றமும். சுதந்திர தினத்துக்குப் பிரசங்கம் செய்கிறவர்கள் அதை மறுபடி எட்டிப் பார்ப்பது அடுத்த ஆகஸ்ட்டில்தான். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, யாரும் காலைக் கழுவாத புதுப் பக்கெட்டில் அதைத் துவைத்தாள். மாரியாத்தாளுக்குச் சாத்துகிற புடவையைக்கூட அவ்வளவு பயபக்தியாகப் பிழிந்திருக்க மாட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் பங்களாவில் துரையம்மாவின் காட்டன் புடவைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறவள். விறைப்பாக நின்றால்தான் அவளைப் பொறுத்தவரை அது மரியாதையான துணி. துரையம்மா புடவைக்கே அப்படி என்றால் நாட்டுக் கொடி தொளதொளவென்று தொங்கலாமா? நல்ல கெட்டியாக அரிசிக் கஞ்சி வடித்துக் கொடியை அதில் முக்கிவிட்டாள். மலையில் ஆகஸ்ட் மாதம் எந்தத் துணி காய்ந்திருக்கிறது? அடுப்புத் தணலின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கொடியை விரித்து, புகை படாமல் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததா காயவில்லையா என்று சொல்ல முடியாத பதத்தில் எடுத்து, கரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்து, மடிப்புமேல் மடிப்பாக மடித்தாள். கொடி அட்டை மாதிரி நின்றது.

“பாரு கண்ணு, பங்களாச் சேலகூட இப்பிடி நின்னதில்ல. நாளைக்கு ஊடு நம்மளுதாயிரும்” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் ரைட்டர் பங்களாத் தோட்டத்தின் ஈர டேலியாப் பூவையெல்லாம் உதிர்த்து, கொடிக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டி, விடியும்போதே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டார். அதற்குமேல் பனியும் தூறலும் பத்து மணி வரைக்கும் அதில் இறங்கின. துரை வந்தார். கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது, ஆனால் கொடி விரியவில்லை. கஞ்சி ஊறிப் பசையாகி, மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உச்சியில் ஒரு பொட்டலம் மாதிரி தொங்கியது. பூ ஒன்றுகூட விழவில்லை.

துரை மறுபடி இழுத்தார். கம்பம் ஆடியது. ரைட்டர் ஓடிவந்து இழுத்தார், பிறகு டிரைவர் இழுத்தார். கொடி விரியாமல் ஜனகணமன பாட முடியாது. பாடாமல் கையைக் கீழே இறக்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. நெற்றியில் வைத்த கையோடு அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அதைக் கீழே இறக்கி, தோசையைக் கல்லிலிருந்து பெயர்க்கிற மாதிரி ரைட்டர் விரலால் மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். நசுங்கிய டேலியா வெள்ளைப் பட்டையில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

“யார் தொவச்சது இதை?” என்று துரை கத்தினார்.

அம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். “நானுங்க சாமி.”

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“கஞ்சி போட்டனுங்க சாமி. மடிப்பு நல்லா நிக்கட்டும்னுங்க.”

துரையின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, முந்தின நாள் குடித்ததில் இன்னும் தெளியாத ஒரு தடி விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்ததும் துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரை சிரித்தால் ரைட்டர் சிரிக்க வேண்டும், ரைட்டர் சிரித்தால் லயனே சிரிக்க வேண்டும். களம் முழுக்கச் சிரித்தது. அம்மாவோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள்கூடச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தூ! என்ன ஜென்மங்களோ. நடுவில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு, தானும் லேசாகச் சிரித்தபடி நின்றாள்.

பிரித்த கொடியை மறுபடி ஏற்றினார்கள், பாடினோம், பிரசங்கம் முடிந்தது. துரை பெயர்களைச் சொன்னார். அம்மாவின் பெயர் வரவில்லை. அவள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பதைத் துரை கவனித்தார்.

“கொடிக்குக் கஞ்சி போட்டவளுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது.

அன்றைக்கு வீட்டில் நான் ஆடித் தீர்த்தேன். அம்மா அழவில்லை. “கோவமா இருந்தா ஒதச்சு வெரட்டி உட்டுருப்பாரு. சிரிச்சுட்டாரில்ல? சிரிக்கறவங்க மனசு எப்பிடியும் எளகும் கண்ணு” என்றாள்.

அந்த நம்பிக்கைதான் அவளைக் கெடுத்தது. மறு வருஷம் வேறு யாரோ கொடியைத் துவைத்தார்கள், கொடி ஒழுங்காக விரிந்தது. ஆனால் துரைக்கு அந்தத் தமாஷ் பிடித்துப்போயிருந்தது. விருந்தாளிகள் புதிதாக வந்திருந்தார்கள், அவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும். பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டார்.

“என்ன, இந்த வருஷம் கஞ்சி போட்டியா?”

“இல்லீங்க சாமி, போடலீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பழைய கதையைத் துரை இங்கிலீஷில் சொன்னதும் விருந்தாளிகள் இன்னொரு தரம் சிரித்தார்கள். “சரி, போ. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அப்படியே அது எங்கள் எஸ்டேட்டின் சுதந்திர தினச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. கொடி, பாட்டு, பிரசங்கம், கஞ்சி, பெயர், லட்டு. அம்மாவுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் காலில் விழுந்து எழுந்து பெர்மனென்ட் ஆனார்கள். அவர்கள் பெயர் வருவதற்கு முன்னால் களத்தைச் சிரிக்கவைத்துச் சூடாக்குவதற்கு அம்மா வேண்டியிருந்தாள். அவளைப் பெர்மனென்ட் ஆக்கிவிட்டால் அடுத்த வருஷம் எதை வைத்துச் சிரிப்பது? அந்த மனுஷர் நிஜமாகவே அப்படித்தான் கணக்குப் போட்டார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங் படித்து, சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அறை பிடித்தேன். அம்மாவை வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சினேன், சண்டை போட்டேன்.

“பாதியில உட்டுட்டு வந்தா இத்தன வருசம் நின்னதெல்லாம் வீணாப் போயிராதா? ஊட்ட வாங்கிட்டு வரேன் சாமி” என்பாள்.

“அந்த ஆளு உன்ன வெச்சு வேடிக்க காட்டறாரும்மா. புரியலையா உனக்கு?”

“வேடிக்கன்னே இருக்கட்டுமே. வருசம் தவறாம எம்பேரச் சொல்லிக் கூப்புடறாரில்ல? மறந்துட்டாத்தான் கண்ணு பயம்.”

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினாலும் நான் பஸ் ஏறி மேலே போவேன். போகாமல் இருந்திருக்கலாம். அவள் தனியாக நிற்பதை நினைத்தால் இருப்புக்கொள்ளாது. போய்ப் பார்த்தாலோ வயிறு எரியும். ஏனென்றால் அம்மா அதில் தேறிக்கொண்டே வந்தாள். முதலில் வெறுமனே “போடலீங்க” என்றவள், பிறகு தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டிச் சொன்னாள். அப்புறம் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துச் சொன்னாள். ஒரு வருஷம் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். விருந்தாளிகளின் குழந்தைகள் துள்ளித் துள்ளிக் கை தட்டின. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா திரும்பி வரிசைக்கு வரும்போது மூச்சு வாங்க என்னிடம், “இன்னைக்கு நொம்பச் சிரிச்சுட்டாருடி” என்றாள். எனக்கு வந்த அருவருப்பு யார்மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் களத்தில் நின்ற எல்லார்மேலும் வந்தது, கம்பத்தின்மேலும் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலத்தில் துரை செத்துப்போனார். எஸ்டேட் மகன் கைக்கு வந்தது. அவர் பெங்களூரில் வளர்ந்தவர், மலையில் யாரையும் தெரியாது. எல்லோரும் அவரைச் சின்னத்துரை என்றார்கள். அந்த ஆகஸ்ட்டில் நான் போனபோது அம்மா புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள்.

“புதுத் தொர. நல்ல மனசுக்காரராம். இந்தத் தடவ ஆயிரும் கண்ணு” என்றாள்.

சின்னத்துரை சரியான நேரத்துக்கு வந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம். கறுப்புக் கண்ணாடி, ஜீன்ஸ். கயிற்றைச் சுண்டியதும் கொடி விரிந்தது, பூ கொட்டியது, டேப் ரெக்கார்டரில் ஜனகணமன பாடியது. பிரசங்கமே இல்லை. பெயர்களும் சொல்லவில்லை. கையிலிருந்த கார் சாவியை ஆட்டிக்கொண்டே, ரோட்டோர லயன்களை இடித்து டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டப்போவதாகச் சொன்னார். பெர்மனென்ட் ஆட்களுக்கு வேறு இடம் தரப்படும். மற்றவர்கள் பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். சொல்லிவிட்டு எல்லோருக்கும் இங்கிலீஷில் சுதந்திர தின வாழ்த்துச் சொன்னார். எங்கள் லயன் ரோட்டோரத்தில்தான் இருந்தது.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு முன்னால் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சின்னத்துரைக்கு எதிரில் போய் நின்று, புதுச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள்.

“இந்த வருசம் கஞ்சி போடலீங்க சாமி” என்றாள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டி.

சின்னத்துரை அவளைப் பார்த்தார். பிறகு ரைட்டரைப் பார்த்தார். ரைட்டருக்கு அப்போது வயதாகிவிட்டது, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் சிரித்த வாய் ஒன்றாவது திறந்து, இந்தம்மாவுக்குச் சேர வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பயலும் வாயைத் திறக்கவில்லை. அம்மா காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். வயதான முட்டி, இரண்டாவது தடவை உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் சின்னத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார்.

கார் கிளம்பிப் பாதை வளைவில் மறையும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“யாருமே சிரிக்கலையே கண்ணு. நாஞ் சரியாப் பண்ணலையா?”